கையைக் கடிக்காத விலையில் 4×5 கேமராவுக்கு வைட் லென்ஸ்: வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கும்பகோணம்

4×5 ஃபீல்டு கேமரா (4×5 அங்குல ஷீட் ஃபிலிம் போடும் மடிப்புக் கேமரா) வைத்திருக்கும் நம்மவர்கள் பலரும் 150 மி.மீ. லென்ஸோடு தொடங்குகிறார்கள். கொஞ்ச நாளில் "அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸ் ஒன்று வேண்டும், எதை வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதில் எழுதிக்கொண்டிருப்பதைவிட, வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே திரியில் சொன்னால் வருகிறவர்களுக்கு உதவும். முதலில் நானே தொடங்குகிறேன்.

எனக்கு வைட் தேவைப்பட்டது கோபுரங்களுக்காக. எங்கள் ஊரில் கோபுரத்துக்குப் பஞ்சமில்லை; தள்ளி நிற்க இடத்துக்குத்தான் பஞ்சம். சாரங்கபாணி கோயில் ராஜகோபுரத்தை 150-இல் முழுசாக அடக்க வேண்டுமென்று பின்வாங்கிக்கொண்டே போனால், மின்கம்பி, ஃபிளெக்ஸ் பேனர், கடைப் பந்தல் எல்லாம் குறுக்கே வந்துவிடும். கிட்டே நின்று கேமராவை அண்ணாந்து வைத்தால் கோபுரம் மல்லாந்து சாய்கிறது. கேமராவை மட்டமாக வைத்து லென்ஸை மட்டும் மேலே ஏற்றும் ரைஸ் வசதிக்காகத்தானே இந்தப் பெட்டியைத் தூக்கிச் சுமக்கிறோம்!

அதனால் நான் முதலில் பார்த்தது இமேஜ் சர்க்கிள். 4×5 ஷீட்டில் படம் விழும் பரப்பு ஏறத்தாழ 95×120 மி.மீ., மூலைவிட்டம் 153. லென்ஸுக்குப் பின்னால் விழும் வெளிச்ச வட்டம் இதைவிட எவ்வளவு பெரிதோ அந்த அளவுக்குத்தான் ரைஸ் போட முடியும். (எஃப் எண் லென்ஸின் திறப்பை, அதாவது அப்பெர்ச்சரைக் குறிக்கும்; எண் பெரிதானால் திறப்பு சின்னது. லென்ஸ் பெயரில் இருப்பது முழுத் திறப்பு.) ஷ்னைடர் சூப்பர்-ஆங்குலான் 90 மி.மீ. எஃப்/8 லென்ஸுக்கு எஃப்/22-இல் வட்டத்தின் விட்டம் 216 மி.மீ. ஷீட்டை நெடுக்குவாட்டில் வைத்தால் சுமார் 37 மி.மீ. ஏற்றலாம். கோபுரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நிற்கிறோம் என்று வையுங்கள். ரைஸ் இல்லாவிட்டால் கேமரா மட்டத்துக்கு மேல் 20 மீட்டர் வரைதான் ஷீட்டில் விழும். 37 மி.மீ. ஏற்றினால் 32 மீட்டர் வரை விழும். சுமார் 30 மீட்டர் உயரமுள்ள கோபுரமென்றால் மேல்நிலைகளும் கலசமும் அந்த 12 மீட்டருக்குள்தான் இருக்கும்.

இதே 90-இல் எஃப்/5.6 வாங்கினால் கிரவுண்ட் கிளாஸ் (கேமராவின் பின்னால் ஃபோகஸ் பார்க்கும் மங்கல் கண்ணாடி) பளிச்சென்று இருக்கும், உண்மைதான். ஆனால் எடையும் விலையும் ஏறும். 67 மி.மீ. ஃபில்டர் போய் 82 மி.மீ. வந்துவிடும். படம் எடுப்பது எப்படியும் எஃப்/22-இல். பகல் வெளிச்சத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) கருப்புத் துணிக்குள் பார்ப்பதற்கு மட்டும்தான் உதவும். என் கட்சி இதுதான்: காசை வட்டத்துக்குக் கொடுங்கள், அப்பெர்ச்சருக்குக் கொடுக்காதீர்கள்.

சூப்பர்-ஆங்குலான் கிடைக்காவிட்டால் ஃபுஜினான் எஸ்.டபிள்யூ. 90 எஃப்/8, ரோடன்ஸ்டாக் கிராண்டகான்-என் 90 எஃப்/6.8 இரண்டும் அதே தரம்தான். கால்யூமெட் நிறுவனம் தன் பெயரில் விற்ற கால்டார் II-என் 90 எஃப்/6.8 லென்ஸும் ரோடன்ஸ்டாக் செய்துகொடுத்த கிராண்டகான்தான். பெயர் பிரபலமில்லாததால் பல நேரம் மலிவாகக் கிடைக்கும். நிக்கான் 2006-இல் லார்ஜ் ஃபார்மேட் லென்ஸ்களை நிறுத்துவதாக அறிவித்தது. ஆனாலும் நிக்கார் எஸ்.டபிள்யூ. 90 எஃப்/8 கண்ணில் பட்டால் விடாதீர்கள். அதன் வட்டம் 235 மி.மீ. விலை கூடிய எஃப்/4.5 நிக்காருக்கும் அதே 235தான்.

டொராண்டோ

வணக்கம் அண்ணை. உங்கட கணக்கு கோபுரத்துக்குச் சரி. என்ர தேவை வேற. நான் அல்கொன்குவின் பக்கம் காடு, ஏரி எண்டு நடந்துபோய்ப் படம் எடுக்கிறவன். கூடாரம், சாப்பாடு, ஃபிலிம் ஹோல்டர், முக்காலி எல்லாம் முதுகில ஏறின பிறகு ஒவ்வொரு கிராமும் பாரம்தான். ஏரியைப் பார்த்து நிக்கேக்க எனக்கு ரைஸ் தேவைப்படுறதில்லை. அதால பழைய ஆங்குலான் 90 எஃப்/6.8 வாங்கினன். முன்னுக்கு 'சூப்பர்' எண்டு இல்லாதது. ட்ரோனியர் வடிவமைச்சது, ரெண்டு குழுவில ஆறு கண்ணாடி. ஃபில்டர் அளவு வெறும் 40.5 மி.மீ. கேமராவில பூட்டினபடியே மடிச்சு மூடிப் பையில வைக்கலாம்.

வட்டம் 154 மி.மீ.தான். 4×5 மூலைகளைத் தொடும், அவ்வளவுதான். ரைஸ் எண்ட கதைக்கே இடமில்லை. எஃப்/6.8 ஃபோகஸ் பார்க்க மட்டும். எஃப்/22-க்கு மூடினாத்தான் மூலையில மரக்கிளை கிளையாத் தெரியும். இன்னொரு விசயம், இந்த லென்ஸ் ஒண்டுக்கு ஒண்டு வித்தியாசப்படும். நான் வாங்கின கடையில ரெண்டு இருந்தது. கேமராவைக் கொண்டுபோய் ரெண்டையும் பூட்டிப் பார்த்தன். ஒண்டில இடது மூலை எஃப்/22-இலயும் கரைஞ்சுபோய் இருந்தது. மற்றது நல்லாய் இருந்தது, அதை எடுத்தன்.

கிரவுண்ட் கிளாஸின்ர மூலைகள் வெட்டி இருக்கும், கவனிச்சிருப்பியள். அந்த வெட்டின இடைவெளிக்குள்ளால லென்ஸைப் பாருங்கோ. அப்பெர்ச்சர் முழு ஓட்டையாத் தெரிஞ்சா அந்த மூலைக்கு வெளிச்சம் வருது. பூனைக்கண் மாதிரி ரெண்டு பக்கமும் வெட்டுப்பட்டுத் தெரிஞ்சா இன்னும் மூட வேணும். எந்தப் பழைய வைட் வாங்கினாலும் கடையில நிண்டே இதைப் பார்க்கலாம், ஃபிலிம் செலவில்லை.

சென்னை

நான் எடுப்பது வீட்டு உள்பக்கங்கள். கானாடுகாத்தான், காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீடுகள். கும்பகோணம் நண்பர் சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. வெளியில் எஃப்/8 போதும். வளவுக்குள் நின்று பாருங்கள்: நடு முற்றத்தில் வெயில் கொட்டும், அதைச் சுற்றியுள்ள தேக்குத் தூண்களும் ஆத்தங்குடித் தரையும் இருட்டில் கிடக்கும். கருப்புத் துணிக்குள் தலையை விட்டு ஐந்து நிமிடம் கண் பழகினாலும் மூலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

ஆனாலும் என்னிடம் இருப்பது எஃப்/8 சூப்பர்-ஆங்குலான்தான், மாற்றும் எண்ணமும் இல்லை. இரண்டு சின்ன எல்.இ.டி. டார்ச் வைத்திருக்கிறேன். ஒன்றை முன்தூணின் அடியில், இன்னொன்றைக் கடைசிக் கதவு நிலையில், கேமராவைப் பார்த்தபடி வைத்துவிடுவேன். லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) அந்த ஒளிப்புள்ளி ஊசிமுனையாகச் சுருங்கும் இடம்தான் ஃபோகஸ். முன்புள்ளிக்கும் பின்புள்ளிக்கும் நடுவில் வைத்து எஃப்/22-க்கு மூடினால் தரைப் பூவேலையிலிருந்து நிலைச் செதுக்கல் வரை எல்லாம் கூர்மையாக வரும். டார்ச்சை எடுத்துவிட்டு ஷட்டரைத் திறக்க வேண்டும். எச்.பி.5 பிளஸ் கருப்பு வெள்ளை ஃபிலிமில் மீட்டர் 10 விநாடி சொன்னால் நான் 20 கொடுப்பேன். நேரம் நீள நீள ஃபிலிம் சோம்பிவிடும்.

மூலை இருட்டைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்கள் உண்டு. 90-இல் நடுவுக்கும் மூலைக்கும் ஒன்றரை ஸ்டாப் வரை வித்தியாசம் வரும், ரைஸ் போட்டால் மேல்மூலையில் இன்னும் கூடும். அதைச் சரிசெய்யும் சென்டர் ஃபில்டரின் விலையைக் கேட்டால் பழைய லென்ஸே வாங்கிவிடலாம் போலிருக்கும். ஸ்லைடு ஃபிலிம் எடுப்பவர்களுக்கு அது வேண்டும். கருப்பு வெள்ளை நெகட்டிவ் என்றால் முதலில் வாங்கவே வேண்டாம். பிரிண்ட் போடும் என்லார்ஜரிலும் ஓரத்துக்கு வெளிச்சம் குறைவாகத்தான் போகும். நெகட்டிவின் மெலிந்த மூலைகளை அது ஓரளவு ஈடுகட்டிவிடும், மிச்சத்தைக் கையால் மறைத்து வெளிச்சம் குறைத்து டாட்ஜ் செய்துகொள்ளலாம்.

இனி வாங்கிய கதை. வெளிநாட்டில் ஒருவரிடமிருந்து "புதுசு மாதிரி" என்ற விவரிப்போடு ஒரு லென்ஸ் வந்தது. சுங்கவரி, கூரியர் எல்லாம் கட்டியாயிற்று. பிரித்து, ஷட்டரை 'பல்ப்' (அழுத்தும்வரை திறந்திருக்கும்) நிலையில் வைத்துத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்தேன். நேராகப் பார்த்தால் கண்ணாடி சுத்தம். டார்ச்சைச் சற்றுச் சாய்த்ததும் உள்கண்ணாடி முழுக்கப் பனி படிந்த ஜன்னல் மாதிரி மங்கல். படங்களை அனுப்பி விற்றவரோடு வாதாடிப் பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போதெல்லாம் வாங்குமுன் "டார்ச் சாய்த்து அடித்த படம் ஒன்று அனுப்புங்கள்" என்று கேட்டுவிடுகிறேன். அனுப்ப மறுத்தால் வேறு ஆள்.

அதே டார்ச்சில் ஷ்னைடர் லென்ஸின் உள்ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் தெரிந்தால் பதறாதீர்கள். கண்ணாடியின் விளிம்பில் பூசிய கருப்பு விட்டுப்போனது அது, ஷ்னைடரைட்டிஸ் என்பார்கள். படத்தில் தெரியாது. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கிளைகிளையாகப் பரவிய பூஞ்சையும், ஒட்டு விட்டு வானவில் காட்டும் கண்ணாடியும் அப்படி இல்லை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் அவை வேண்டாம்.

லெஸ்டர், இங்கிலாந்து

65 மி.மீ. மலிவாகக் கிடைக்கிறது என்று பாய்கிறவர்களுக்கு ஒரு சொல். சூப்பர்-ஆங்குலான் 65 எஃப்/8-இன் வட்டம் 155. மேலே டொராண்டோ நண்பர் சொன்ன நிலைமைதான், மூலை வரை எட்டும், நகர்த்த இடமில்லை. அதற்கு மேல் கேமராவின் தொல்லை. ஃபோகஸுக்காக முன்சட்டமும் பின்சட்டமும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும், நடுவிலுள்ள மடிப்புத் துருத்தியான பெல்லோஸ் அமுங்கி விறைத்து நிற்கும். உள்வாங்கிய லென்ஸ்போர்டு (லென்ஸைப் பூட்டும் தட்டு) போட்டால் ஃபோகஸ் வரும், ஆனால் அந்தக் குழிக்குள் விரலை விட்டு ஷட்டர் வேகம் மாற்றுவது பெரும்பாடு. குளிரில் கையுறையோடு என்றால் நடக்கவே நடக்காது.

என்னிடம் இருப்பது பிரைட்டனில் செய்யும் இன்ட்ரெபிட் கேமரா. 2014-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளத்தில் தொடங்கியவர்கள். அதில் 90 மி.மீ. சாதாரணத் தட்டைப் போர்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. கிரவுன் கிராஃபிக் போன்ற பழைய பிரஸ் கேமரா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: 90 போட்டால் முன்னால் நீட்டியிருக்கும் கேமராவின் பலகையே படத்தில் விழலாம். அதைக் கீழே இறக்கிவிட்டுப் பாருங்கள். லென்ஸ் விலையைக் கேட்பதற்கு முன் உங்கள் கேமரா எந்த லென்ஸ் வரை தாங்கும் என்று பாருங்கள்.

கோவை

நான் 135-இலேயே நின்றுவிட்டேன். சிம்மார்-எஸ் 135 எஃப்/5.6, வட்டம் 190, நெடுக்குவாட்டில் 22 மி.மீ. ரைஸ் கிடைக்கிறது. கிரவுண்ட் கிளாஸ் வெளிச்சம், மூலை இருட்டுத் தொல்லை குறைவு, 90-ஐத் தேடுகிற கூட்டம் இதைத் தேடுவதில்லை என்பதால் விலையும் இறங்கி வரும். 150 கையில் இல்லாதவர்கள் இதை மட்டும் வாங்கிக் காலம் தள்ளலாம்.

ஒரு செய்தி மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லினேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்தார். மெழுகேற்றிய காகித நெகட்டிவ்கள். 21 படங்களை ஒட்டி 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். வைட் லென்ஸ் கிடைக்கும்வரை நாமும் இரண்டு ஷீட்டைச் சேர்த்து எடுத்துப் பழகலாம். நான் நொய்யல் படித்துறையை அப்படித்தான் எடுத்தேன்.

திருநெல்வேலி

எல்லாருக்கும் நன்றி. சூப்பர்-ஆங்குலான் எஃப்/8 ஒன்று கோபால் 0 (0 என்பது ஷட்டர் அளவு) ஷட்டரில் பேசி முடித்திருக்கிறேன். என் பழைய போர்டில் ஓட்டை பெரிதாக இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா? ஷட்டர் சரியாக ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

கும்பகோணம்

தம்பி, பெரிய ஓட்டை ஆகாது, லென்ஸ் நடுவில் நிற்காது. கோபால் 0-க்கு 34.6 மி.மீ. ஓட்டை, கோபால் 1-க்கு 41.6. உங்கள் போர்டு 1-க்கு வெட்டியதாக இருக்கும். டெக்னிகா வகைப் போர்டு 0 அளவில் புதிதாகவே கிடைக்கிறது, லென்ஸோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு.

பூட்டும்போது பின்செல்லை (ஷட்டருக்குப் பின்னாலுள்ள கண்ணாடிப் பகுதியை) கையால் திருகிக் கழற்றுங்கள். இடுக்கி வேண்டாம். மரைக்கு நடுவில் காகிதம்போல மெல்லிய ஷிம் வளையம் ஒட்டியிருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இரண்டு செல்லுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அதுதான் காக்கிறது. ஷட்டரைப் போர்டில் நுழைத்து, பின்னாலிருந்து ரிங் போட்டு இறுக்கி, பிறகு செல்லைத் திருகுங்கள். ஷட்டரின் முதுகில் குட்டித் திருகு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். போர்டில் அதற்குப் பள்ளம் இல்லையென்றால் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

ஷட்டருக்குச் செல்போன் போதும். 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில், பின்னால் விளக்கு வைத்து, எடுங்கள். 1/30-இல் சுமார் 8 ஃபிரேம் திறந்திருக்க வேண்டும். ஒரு விநாடி, அரை விநாடிகளில்தான் பழைய எண்ணெய் மாட்டிக்கொள்ளும். பல்சக்கரச் சத்தம் நடுவில் இழுத்து இழுத்துப் போனால் சர்வீசுக்குக் கொடுங்கள். 1/60-க்கு மேல் கொஞ்சம் மெதுவாக இருந்தால் கவலை வேண்டாம், எஃப்/22-இல் நாம் அந்தப் பக்கம் போவதே அபூர்வம்.

தாமிரபரணிக் கரை ஈரத்துக்குத் தோல் பையில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறியதும் சூடுபடுத்தித் திரும்பப் போடுங்கள். லென்ஸ் வந்ததும் டார்ச் படத்தை இங்கே போடுங்கள், சென்னைக்காரர் பார்த்துச் சொல்லட்டும்.