இணையச் சேமிப்பை டிரைவாக இணைப்பது: அந்த 50 எம்பி விவகாரம்

கோப்புக்காரன்:
நெக்ஸ்ட்கிளவுட் என்ற இணையச் சேமிப்புக் கணக்கை விண்டோஸில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுத்து இணைத்தால் டி டிரைவ் மாதிரியே வேலை செய்யும், தனி மென்பொருளே வேண்டாம் என்று இங்கே ஒருவர் நேற்று எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இப்படி இணைக்க விண்டோஸ் பயன்படுத்துவது வெப்டாவ், அதாவது இணையம் வழியாகக் கோப்புகளைக் கையாளும் முறை. அதன் வழியாக இணைத்தால் 50 எம்பிக்கு மேல் ஒரு கோப்பும் இறங்காது. நான் வேலை பார்த்த ஸ்டூடியோவில் இதை நம்பிக் கல்யாண வீடியோவை ஏற்றிவைத்தோம். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கும்போது 'கோப்பின் அளவு வரம்பைத் தாண்டுகிறது' என்று பிழை வருகிறது. யார் பதில் சொல்வது?

மின்கம்பி:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். 50 எம்பி என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் ஓர் எண், அவ்வளவுதான். விண்டோஸில் வெப்டாவ் இணைப்பை நடத்தும் வெப்கிளையன்ட் சேவையின் பாராமீட்டர்ஸ் பகுதியில் 'ஃபைல்சைஸ்லிமிட்இன்பைட்ஸ்' இருக்கும். அதை 4294967295 ஆக்கிவிட்டுச் சேவையை நிறுத்தித் தொடங்கினால் 4 ஜிபி வரை இறங்கும். இரண்டு நிமிட வேலை.

கோப்புக்காரன்:
தனி மென்பொருளே வேண்டாம் என்றவர் இப்போது ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கச் சொல்கிறார். வாடிக்கையாளர் வீட்டுக் கணினியிலும் நீங்களே போய் மாற்றுவீர்களா? கை வைக்காத கணினியில் 50 எம்பி. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பைட்டுப்புலி:
இருவரும் தப்பு. வரம்பு 5,00,00,000 பைட். விண்டோஸ் எம்பியைக் கணக்கிடுவதுபோல் 1024-ஆல் இருமுறை வகுத்தால் 47.68 எம்பி. எக்ஸ்ப்ளோரர் 49 எம்பி என்று காட்டும் கோப்பே இறங்காது. 50 என்று சொல்லாதீர்கள்.

கோப்புக்காரன்:
ஐயா, 47 ஆனால் என் கட்சிக்குத்தான் பலம். நன்றி.

பைட்டுப்புலி:
கட்சி சேர வரவில்லை. எண்ணைத் திருத்த வந்தேன். 47.68.

பெங்குவின்தாசன்:
லினக்ஸுக்கு வாருங்கள், இந்த வரம்பே கிடையாது. நாட்டிலஸ் என்ற கோப்பு மேலாளரில் முகவரியை 'டாவ்ஸ்' என்று தொடங்கினால் வேலை முடிந்தது.

மின்கம்பி:
டால்ஃபின் என்ற இன்னொரு கோப்பு மேலாளரில் 'வெப்டாவ்ஸ்' என்று தொடங்க வேண்டும். அதைச் சொல்லாமல் புதியவரைக் குழப்புவதே உங்கள் வழக்கம். பிரின்டர் விஷயத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

பெங்குவின்தாசன்:
பிரின்டர் கதையை இன்னும் விடவில்லையா? அதில் நான் சொன்னதுதான் சரி. நான் நோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துகிறேன், அதில் வரும் நாட்டிலஸைப் பற்றிச் சொன்னேன். டால்ஃபின்காரர்களுக்கு எல்லாம் தங்களைப் பற்றியே இருக்க வேண்டும்.

கோப்புக்காரன்:
பிரின்டர் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்கிளையன்ட் சேவையையே கைவிடப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரில் அறிவித்துவிட்டது, இப்போது அது தானாகத் தொடங்குவதும் இல்லை. சாகப்போகிற சேவையை டி டிரைவ் என்று மக்களிடம் விற்கிறீர்கள். அதுவும் 50 எம்பியோடு.

மின்கம்பி:
கைவிடப்போவதாக அறிவித்தார்கள், எடுத்துவிடவில்லை. என் கணினியில் நேற்றுகூட 2 ஜிபி இறக்கினேன்.

கோப்புக்காரன்:
எண்ணை மாற்றிய கணினியில்.

மின்கம்பி:
ஆமாம், மாற்றிய கணினியில். மாற்றத் தெரியாதது என் குற்றமா?

கோப்புக்காரன்:
நேற்றைய பதிவில் மாற்ற வேண்டும் என்று ஒரு வரி இருந்ததா? இல்லை. நான் மூன்று முறை படித்தேன். 50 எம்பி என்ற சொல்லே அதில் இல்லை.

பைட்டுப்புலி:
47.68.