எழுபதைத் தாண்டியவருக்குத் தோள் மூட்டு மாற்று: அனாடமிக்கா, ரிவர்ஸா?

மேகலை: அம்மாவுக்கு 74 வயது. வலது தோள் மூட்டு நன்றாகத் தேய்ந்துவிட்டது, ஊசி, பிசியோ எல்லாம் பார்த்தாயிற்று, ராத்திரி தூக்கமே இல்லை. எம்ஆர்ஐயில் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாண்கள்) கிழியவில்லை என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் அனாடமிக் போதும் என்கிறார், இன்னொருவர் இந்த வயதில் ரிவர்ஸ்தான் என்கிறார். எதைச் செய்வது?

பழையபந்து: கஃப் நன்றாக இருக்கும்போது ரிவர்ஸ் எதற்குங்க? அனாடமிக்கில் தேய்ந்த பந்துக்கு உலோகப் பந்து, குழிக்கு பாலிஎத்திலீன் கிண்ணம், அவ்வளவுதான். ரிவர்ஸை 1985 வாக்கில் பிரான்சில் பால் கிராமோன் வடிவமைத்ததே கஃப் போய் கையைத் தூக்கவே முடியாதவர்களுக்காக. பந்தைத் தோள்பட்டை எலும்பிலும் கிண்ணத்தைக் கை எலும்பிலும் மாற்றி வைத்து, கையைத் தூக்கும் வேலையைத் தோளை வெளிப்பக்கம் மூடியிருக்கும் டெல்டாய்ட் தசையிடம் கொடுக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்த நிலைமையே இல்லையே.

காறையெலும்பு: அது அந்தக் காலக் கதை. இப்போது கஃப் நன்றாக இருக்கிற முதியவர்களுக்கும் ரிவர்ஸ் வைக்கிறார்கள், காரணம் இல்லாமலா? எம்ஆர்ஐ காட்டுவது இன்றைய கஃபை. எண்பது வயதில் அது கிழிந்தால் பந்து மேலே ஏறி கிண்ணத்தின் விளிம்பை அழுத்தி அழுத்தி ஆட்டம் காண வைக்கும், அப்புறம் அந்த வயதில் இன்னொரு அறுவை சிகிச்சை. அதோடு அனாடமிக்கில் உள்ளே போவதற்குப் பெரும்பாலும் முன்பக்கத் தசைநாணை விடுவித்துத் திரும்பத் தைக்க வேண்டும், அது ஒட்டாவிட்டால் தொல்லை அங்கிருந்தே ஆரம்பம்.

பழையபந்து: ரிவர்ஸில் மட்டும் தொல்லை இல்லையா? பந்து நழுவலாம், தோளின் மேல்முனை எலும்பில் விரிசல் விழலாம். கை முதுகுப் பக்கம் போவது பலருக்குக் குறைந்துவிடுகிறது, கழிவறையில் கழுவுவதற்கே சிரமப்படுகிறவர்கள் உண்டு. அனாடமிக் பழுதானால் ரிவர்ஸுக்கு மாறலாம், ரிவர்ஸே பழுதானால் எங்கே போவீர்கள்?

காறையெலும்பு: முதுகுப் பக்கம் பற்றிச் சொன்னது சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் “மாறலாம்” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். ஆடிய கிண்ணத்தை எடுத்தால் அந்த இடத்தில் எலும்பே போதாமல் ஒட்டுப்போட வேண்டி வரும். பந்தைத் தாங்கக் கை எலும்புக்குள் இருக்கும் உலோகத் தண்டும் ரிவர்ஸுக்குப் பொருந்தும் வகையா என்று யார் கேட்டு வைக்கிறார்கள்?

பயிற்சிக்கூடம்: இரண்டு பேரும் கஃபையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். குழி எப்படித் தேய்ந்திருக்கிறது? பின்பக்கம் தேய்ந்து பந்து பின்னால் நகர்ந்திருந்தால் அனாடமிக் கிண்ணம் சீக்கிரம் ஆடும், அந்த மாதிரித் தோளுக்குப் பலர் ரிவர்ஸுக்குப் போவது அதனால்தான். சிடி ஸ்கேன் எடுத்தால் தெளிவாகத் தெரியும். கிழியாத தசையிலும் கொழுப்பு ஏறியிருக்கலாம், அதையும் ஸ்கேன் அறிக்கையில் பாருங்கள். கடைசி ஸ்டீராய்டு ஊசி எப்போது? மூன்று மாதத்துக்குள் என்றால் தொற்று அபாயம் கூடும் என்று பல மருத்துவர்கள் தள்ளிப்போடுவார்கள்.

மேகலை: ஊசி போன மாதம்தான் போட்டார்கள். சிடி யாருமே கேட்கவில்லை. அம்மாவுக்கு அலமாரி எட்டாவிட்டால் பரவாயில்லையாம், ஆனால் கழிவறையில் பிறர் உதவி கேட்கும் நிலை மட்டும் வரக்கூடாது என்கிறார்.

பழையபந்து: அப்புறம் என்ன, குழி ஒழுங்காக இருந்தால் அனாடமிக்தான்.

காறையெலும்பு: இடது கை நன்றாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அந்த வேலைக்கு அது போதும், நான் ரிவர்ஸ் பக்கமே.