பைசா போடாமல் வீடா? அந்த 1 சதவீதத்தை ஏன் மறைக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நேற்று மவுண்ட்வெர்னன்வாசி இங்கே எழுதியது: "ஓஹையோ நாக்ஸ் கவுண்டியில் யூஎஸ்டிஏ கடனில், அதாவது அமெரிக்க வேளாண் துறையின் கிராமப்புற வீட்டுக் கடனில், பைசா போடாமல் வீடு வாங்கினேன். அரசாங்கமே பணம் தருகிறது. கொலம்பஸில் வாடகை கொடுப்பவர்கள் ஏமாளிகள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. முதலில், அரசாங்கம் பணம் தரவில்லை. தருவது வங்கி. நாம் கட்டாமல் விட்டால் வங்கியின் நஷ்டத்துக்கு 90 சதவீதம் வரை அரசு பொறுப்பேற்கும், அவ்வளவுதான். அதற்கு நம்மிடம் 1 சதவீதம் கட்டணம் வாங்குகிறார்கள். அதைப் பற்றி ஏன் மூச்சே இல்லை?

மவுண்ட்வெர்னன்வாசி:
முன்பணம் வேறு, கட்டணம் வேறு சார். வீடு இரண்டரை லட்சம் டாலர், கட்டணம் 2,500. அது கடனோடு சேர்ந்துவிட்டது. என் கையை விட்டு ஒரு பைசா போகவில்லை.

கணக்குப்பிள்ளை:
2,500 இல்லை, 2,525. கட்டணத்தையும் சேர்த்த மொத்தக் கடனில்தான் 1 சதவீதம். வாங்கியவருக்கே தெரியவில்லை!

மவுண்ட்வெர்னன்வாசி:
25 டாலருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? அரசு பொறுப்பேற்கும் இன்னொரு வகை வீட்டுக் கடனான எஃப்எச்ஏவில் 3.5 சதவீதம் முன்பணமும் கொடுத்து, 1.75 சதவீதம் கட்டணமும் கட்டவேண்டும். அதைக் கேட்க மாட்டீர்கள்.

மதுரைக்காரி:
எல்லாருக்கும் கிடைப்பதுபோல் எழுதாதீர்கள் அண்ணா. குடும்ப வருமானம் அந்தப் பகுதி இடைநிலை வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நாங்கள் விண்ணப்பித்தபோது நாத்தனார் எங்களோடு இருந்தாள். கடனில் அவள் கையெழுத்தே இல்லை. ஆனாலும் அவள் சம்பளத்தையும் கூட்டினார்கள், வரம்பைத் தாண்டிவிட்டது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லார் சம்பளமும் கணக்கில் வரும் என்று ஒருத்தரும் முதலில் சொல்லவில்லை. மூன்று மாதம் வீண்.

கணக்குப்பிள்ளை:
பாவம்தான். ஆனால் பேச்சு அந்த 1 சதவீதம். 6 சதவீத வட்டியில் 30 வருடம் கட்டினால் அந்த 2,525 சுமார் 5,450 ஆகும். இதுவா பைசா போடாமல்? இதற்கு மேல் வருடா வருடம் பாக்கிக் கடனில் 0.35 சதவீதம் கட்டணம் வேறு. சாதாரணக் கடனில் வீட்டு மதிப்பில் 20 சதவீதம் நமதானால், வங்கியின் நஷ்டத்துக்காக நாம் கட்டும் இன்சூரன்ஸை நிறுத்தச் சொல்லலாம். இதில் கடன் முடியும்வரை கட்ட வேண்டியதுதான்.

புதுசாவந்தவன்:
எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். எனக்குக் கிடைக்குமா?

மதுரைக்காரி:
கிடைக்காது தம்பி, கிரீன் கார்டாவது வேண்டும். எஃப்எச்ஏவும் 2025 மே மாதத்திலிருந்து தற்காலிக விசாக்காரர்களுக்கு இல்லை.

மவுண்ட்வெர்னன்வாசி:
கணக்குப்பிள்ளை சார், நீங்கள் இங்கே வந்து வீடு பார்த்ததுண்டா? கிணற்றுத் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கிருமி இருக்கிறது என்று வந்தது. விற்றவர் கிணற்றில் குளோரின் ஊற்றி, மறுபடி சோதித்து, சரி என்று வந்த பிறகுதான் கடன் நகர்ந்தது. இப்போது ஜன்னலைத் திறந்தால் சோளக்காடு, ரோட்டில் பழைய முறையில் வாழும் ஆமிஷ்காரர்களின் குதிரை வண்டி. அப்பார்ட்மெண்டில் உட்கார்ந்து கால்குலேட்டர் தட்டுபவருக்கு இது எங்கே தெரியும்?

கணக்குப்பிள்ளை:
சோளக்காட்டைக் காட்டி 2,525ஐ மறைக்க வேண்டாம். போன வருடம் சங்கத்துப் பொங்கல் செலவுக் கணக்கிலும் நீங்கள் இப்படித்தான், வாழையிலைக் கட்டுக்குப் பில்லே இல்லை.

மவுண்ட்வெர்னன்வாசி:
அந்த இலையை என் காரில், என் பெட்ரோலில் கொண்டு வந்தேன்! பில் பொருளாளரிடம் கொடுத்தாயிற்று.

மதுரைக்காரி:
ஐயோ, பொங்கலை விடுங்கள். அந்தத் தம்பி விவரம் கேட்டு வந்தான்.

கணக்குப்பிள்ளை:
விவரம்தான் சொல்கிறேன். கடன் செலவையெல்லாம் பட்டியலிடும் குளோசிங் டிஸ்குளோஷர் தாளின் இரண்டாம் பக்கத்தை எடுத்து இங்கே போடுங்கள். அதில் அந்தக் கட்டணம் அச்சில் இருக்கும்.

மவுண்ட்வெர்னன்வாசி:
என் வீட்டுப் பத்திரத்தை உங்களுக்குக் காட்ட நீங்கள் யார்? முன்பணம் பூஜ்யம். நாளைக்கும் இதையேதான் எழுதுவேன்.

கணக்குப்பிள்ளை:
எழுதுங்கள். கீழே 2,525 என்று நான் வந்து எழுதுவேன்.