கரையடியில் ஊற்று: உங்கள் ஊரில் பார்த்ததுண்டா?

சிவகங்கைக்காரன்:
எங்கள் கண்மாய்க்கு 80 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீரில் பாசனமாகும் நிலம். 100 ஏக்கருக்குக் குறைவு என்பதால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஐப்பசி அடைமழையில் ஒரு விடியற்காலை, கரையின் வெளிப்புற அடியில் தண்ணீர் கொப்பளிப்பதாக மாடு மேய்க்கும் பையன் ஓடிவந்து சொன்னான். கட்டைவிரல் கனம்தான். களிமண்ணை உருட்டிக்கொண்டு அடைக்கப் பாய்ந்தோம்.

மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடும் நீர்ப்பாய்ச்சித் தாத்தா தடுத்துவிட்டார். ஊற்றுநீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். தெளிந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டார். கலங்கலாக இருந்தது, விரலில் மண் நறநறத்தது. கரை உள்ளுக்குள் கரைந்து வந்துகொண்டிருந்தது. "வாயை அடைத்தால் வயிற்றைக் கிழிக்கும்" என்றார். ஊற்றின்மேல் ஆற்றுமணல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் கல். தண்ணீர் வடியலாம், மண் வரக்கூடாது. சுற்றிலும் மணல்மூட்டை வளையம் கட்டி, இரண்டு மடைகளையும் திறந்துவிட்டோம்.

பிறகுதான் கண்மாய் நிரம்பினால் மிகுநீர் வழிந்தோடும் கலுங்கைப் பார்த்தோம். கூடுதலாக ஒரு முழம் தண்ணீர் தேங்கட்டும் என்று யாரோ அதன்மேல் மூட்டை அடுக்கியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, நாங்கள்தான்.

கோடையில் அந்த இடத்தைத் தோண்டினோம். என்றோ வெட்டிய சீமைக்கருவேலின் மக்கிய வேர், கரைக்குக் குறுக்கே குழாய் போலக் கிடந்தது.

ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர்:
2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யச் சொல்கிறது. ஆனால் அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்குமே. நான்கு மீட்டர் கண்மாய்க்கரையை அது கண்டுகொள்வதில்லை. நான் ஆய்வுக்குப் போனால் முதலில் கரையின் மேல்மட்டத்தைத்தான் பார்ப்பேன். டிராக்டர் ஏறி இறங்கும் இடம் தாழ்ந்திருக்கும். வெள்ளம் அங்கேதான் முதலில் வழியும். மண்கரைமேல் தண்ணீர் வழிந்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை.

திருகோணமலை வாசி:
1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு பழக்கம். எந்தக் குளத்துக்குப் போனாலும், எல்லோரும் வான் பாய்வதை (நீங்கள் சொல்லும் கலுங்கில் தண்ணீர் வழிவதை) வேடிக்கை பார்க்க, அவர் மட்டும் கட்டின் வெளிப்புறச் சரிவில் இறங்கி அடியைப் பார்த்தபடி நடப்பார். ஒரு சந்தேகம்: அந்த நேரத்தில் ஜல்லிக்கு எங்கே போனீர்கள்?

சிவகங்கைக்காரன்:
பள்ளிக்கூடச் சுவருக்கு இறக்கியிருந்தது. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.