காய்ச்சல் மாத்திரை பயம்: டாக்டர், நர்ஸ் யாராவது இருக்கீங்களா?

குடியாத்தத்துல இருக்கோம். தங்கச்சிக்கு அஞ்சாம் மாசம். நேத்து ராத்திரியிலிருந்து காய்ச்சல், 102. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த பாராசிட்டமால் அட்டை பிரிக்காமலே கிடக்கு. "அதைப் போட்டா புள்ளைக்கு ஆட்டிசம் வரும்னு அமெரிக்க ஜனாதிபதியே சொல்லிட்டாரு"ன்னு அவ மாமியார் வாட்ஸப் வீடியோ காட்டுறாங்க. 2025 செப்டம்பர்ல டிரம்ப் அப்படிப் பேசினது நிஜம்தான். ஆனா அதுக்கு உறுதியான ஆதாரம் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் அப்பவே சொல்லிடுச்சு. ஸ்வீடன்ல சுமார் 25 லட்சம் குழந்தைகளை வெச்சு 2024-ல வந்த ஆய்வுல, கூடப்பிறந்தவங்களோட ஒப்பிட்டுப் பார்த்தப்போ தொடர்பே தெரியல. காய்ச்சலை அப்படியே விடறதுதான் வயித்துப் புள்ளைக்கு ஆபத்து. நான் சொன்னா, "நீ என்ன டாக்டருக்கா படிச்ச?" (கேள்வி நியாயம்தான்.)

யாராவது ரெண்டு நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போடுங்க, ப்ளீஸ். தெலுங்குல பேசினா இன்னும் நல்லது, மாமியார் சித்தூர்க்காரங்க.