14 கிலோ சிடி பிளேயர் ‘நோ டிஸ்க்’ என்கிறது: லென்ஸ் மாற்றத்தான் வேண்டுமா?

பள்ளத்தூரான்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிடி பிளேயர் விஷயமாக யோசனை கேட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-இல் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஜப்பான் தயாரிப்பு. முழுக்க அலுமினியக் கூடு, எடை 14 கிலோ. விலையைக் கேட்டுவிட்டு அப்பச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு ஊருக்குக் கொண்டுவந்து, சென்னை அடுக்ககத்தின் கூடத்தில் வைத்திருந்தேன். அத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. ஓய்வு பெற்ற பின் பூட்டிக் கிடந்த ஊர் வீட்டைத் திறந்து குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய அறையொன்றுக்கு ஏசி போட்டுக்கொண்டேன். படுக்கை, பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் அதற்குள்தான்.

ஒரு மாதமாகத் தொல்லை. காப்பியோடு உட்கார்ந்து சிடித் தட்டைப் போட்டால் டிரே உள்ளே போகிறது, ‘சிர்’, ‘சிர்’ என்று இரண்டு முறை முனகுகிறது, ‘நோ டிஸ்க்’ என்று எழுதிக் காட்டுகிறது. பத்துத் தட்டு மாற்றினாலும் அதே பதில். லென்ஸ் துடைக்கும் தட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். அதையும் ‘நோ டிஸ்க்’ என்றுவிட்டது!

காரைக்குடியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கேயும் படிக்கவில்லை. லென்ஸ் போய்விட்டது, அசல் இனி கிடைக்காது, மாற்று லென்ஸ் போட 18,000 ரூபாய் என்றார்கள். கொடுக்கலாமா?

இன்னொன்று. சென்னையில் கேட்ட நிறைவு இங்கே இல்லை. பாட்டு காதில் கூசுகிறது. லென்ஸ் தேய்ந்தால் ஒலியும் கெடுமா?

திண்ணைவாசி:

இந்தக் காலத்தில் சிடிக்கு 18,000 செலவா? பேரீச்சம்பழக்காரனிடம் போட்டுவிட்டுக் கைப்பேசியில் கேளுங்கள். அதே பாட்டுதானே.

பழைய வால்வு:

திண்ணைவாசி தம்பி, கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

பள்ளத்தூரான், நான் நாற்பது ஆண்டு ரேடியோ, டேப் ரிக்கார்டர், சிடி என்று பழுது பார்த்தவன். பணம் கொடுப்பதற்கு முன் நாலு கேள்வி. எந்நேரமும் படிக்கவில்லையா, சில நேரம் மட்டுமா? வீட்டில் வேறு பிளேயர் இருக்கிறதா, அதில் அதே தட்டு பாடுகிறதா? ஏசியை எத்தனையில் வைக்கிறீர்கள்? கடைக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள்?

பள்ளத்தூரான்:

அண்ணனுக்கு நன்றி. நான் காலையில்தான் கேட்பவன், அதனால் காலையில்தான் தெரியும். ஒரே ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டேன், முழுத் தட்டும் பாடியது. அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாங்கட்டில் சமையலறைப் பக்கம் 2,000 ரூபாய் பிளேயர் ஒன்று இருக்கிறது. அதில் எல்லாத் தட்டும் எப்போதும் பாடும். அந்தக் கடுப்புத்தான் அதிகம். ஏசி 20-இல் ஓடும். விடிந்ததும் நிறுத்திவிட்டு வளவுப் பக்கக் கதவுகளைத் திறந்துவிடுவேன். கடைக்குக் காலை ஒன்பது மணிக்குக் காரில் போனேன்.

பழைய வால்வு:

காரிலும் ஏசி போட்டிருப்பீர்கள். அப்படியானால் லென்ஸுக்கு ஒன்றும் இல்லை என்று 18,000 ரூபாய்க்குப் பந்தயம் கட்டுவேன். வியர்க்கிறது, அவ்வளவுதான்.

ஐஸ் தண்ணீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் பார்த்திருப்பீர்கள். அதேதான். இப்போது அடைமழைக் காலம். காலையில் 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளில் பட்டாலும் நீராகப் படியும். உங்கள் பிளேயர் இரவு முழுவதும் 20 டிகிரியில் ஊறியிருக்கிறது. ஏசி ஓடும்வரை அறைக்காற்று உலர்ந்திருக்கும், தொல்லை இல்லை. நீங்கள் கதவைத் திறக்கிறீர்கள், முற்றத்து ஈரம் முழுக்க உள்ளே வருகிறது, லென்ஸில் பனி மூடுகிறது.

பிளேயர் முதலில் செய்யும் வேலை, லேசர் ஒளியைத் தட்டின் மேல் குவித்து, திரும்பி வரும் ஒளியைத் தேடுவது. அந்த ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. அது படிக்க வேண்டிய தடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனுக்குள் முப்பது தடத்துக்கு மேல் அடங்கும். பனி மூடிய கண்ணாடி வழியே அதைப் படிக்க முடியுமா? ஒளி சிதறுகிறது, திரும்பி வருவது போதவில்லை, தட்டே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. துடைக்கும் தட்டும் அதனால்தான் சுற்றவில்லை.

லேசர் உண்மையிலேயே தேய்ந்தால் கதை வேறு. வீட்டில் பதிந்த தட்டுகள் முதலில் அடம்பிடிக்கும், பிறகு கடைத் தட்டுகள் நடுநடுவே தாவும், மாதக்கணக்கில் மெல்ல மெல்ல மோசமாகும். மத்தியானம் சோறு சாப்பிட்டால் லென்ஸுக்குப் பார்வை திரும்பாது.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். 14 கிலோ என்று பெருமையாக எழுதினீர்களே, அதுதான் உங்களுக்கு எமன். கனத்த அலுமினியம் குளிர்ந்தால் சூடேறப் பாதிக் காலை போய்விடும். சமையலறை பிளேயர் மெல்லிய பிளாஸ்டிக். ஏசியில் கிடந்திருந்தாலும் கொஞ்ச நேரத்தில் தெளிந்திருக்கும். விலை குறைந்தது பாடுகிறது, உயர்ந்தது பாடவில்லை என்றால் காரணம் இதுதான். கடையிலும் இதுவே நடந்தது: குளிர்ந்த அறையிலிருந்து குளிர்ந்த கார், அங்கிருந்து ஈரக்காற்று அடிக்கும் கடை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், ஆனால் ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டுச் சோதித்திருக்கலாம். குளிரிலிருந்து வெப்பமான இடத்துக்குக் கொண்டுவந்தால் காத்திருங்கள் என்று இந்தக் கருவிகளின் கையேடுகளிலேயே போட்டிருக்கும். யார் படிக்கிறார்கள்?

ஓர் இரவு ஏசி இல்லாமல் படுத்துப் பாருங்கள். மறுநாள் வழக்கம்போல் 20-இல் வைத்துப் பாருங்கள். மூடியைக் கழற்றி லென்ஸைத் துணியால் துடைக்க மட்டும் போய்விடாதீர்கள். அது மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. ஒரு அழுத்து அழுத்தினால் அப்புறம் நிஜமாகவே 18,000 ஆகிவிடும்.

ஒலி கூசுவதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை. தட்டில் இருப்பது எண்கள். நொடிக்கு 44,100 முறை எடுத்த அளவுகள். சிறு கீறலால் சில எண்கள் விட்டுப்போனாலும், கணக்குப் போட்டு மீட்கும் ஏற்பாடு உண்டு. அதையும் மீறினால் ‘டிக்’ என்னும், தாவும், நிற்கும். குரல் மட்டும் கூசாது. வேறு இடத்தில் தேடுங்கள்.

கண்டனூர் ஆச்சி:

அந்த வேறு இடம் உங்கள் சுவர், தம்பி. அறைக்கு நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ‘ட்ர்ரிங்’ என்று ஓர் ஒலி மேலே ஓடினால் அதுதான் காரணம்.

கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவர், மேலே உயரமான கூரை. ஒலியை விழுங்க ஒன்றுமே இல்லை. சென்னையில் சோபா, திரைச்சீலை, புத்தக அலமாரி எல்லாம் உங்களுக்காக உழைத்தன. எங்கள் வீட்டிலும் இதே பாடு. ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே தடித்த பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன். பக்கச் சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்தேன். வந்தவர்கள் விருந்தாளி யார் என்று கேட்கிறார்கள், கேட்கட்டும்.

என்னிடமும் இதே தரத்தில் பிளேயர் ஒன்று இருக்கிறது, 11 கிலோ. வீணை கற்றவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். காரைக்குடி வீணைச் சகோதரர்கள் சாம்பசிவ ஐயரும் சுப்பராம ஐயரும் வாசித்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதுகூடச் சொல்லாவிட்டால் எப்படி. நல்ல பிளேயரில் பக்கத் தந்திகளைச் சுண்டும் விரல் நகம் தனியாகக் கேட்கும். கமகம் முடிந்து தந்தி ஓய்வதைக் கடைசிவரை பின்தொடரலாம். சாதாரண பிளேயரில் அந்த வால் பாதியில் மறையும். ஆனால் வித்தியாசம் அவ்வளவுதான். கொடுத்த பணத்தில் பாதி கூட்டுக்கும் குமிழுக்கும் போயிருக்கும் என்பது என் எண்ணம். டிரே பட்டுத்துணிபோல் வெளியே வரும்போது மட்டும் மனம் மாறிவிடுகிறது.

பள்ளத்தூரான்:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அண்ணன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார்.

முதல் இரவு மின்விசிறியோடு படுத்தேன். காலை 6.30-க்குப் போட்ட முதல் தட்டே பாடியது. மறு இரவு ஏசி 20. ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். எட்டு, ஒன்பது, பத்து, மூன்று முறையும் ‘நோ டிஸ்க்’. 11.10-க்குப் படித்தது.

ஒரு விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கதவைத் திறந்த பத்தாவது நிமிடம் பிளேயரின் முன்பக்கத்தில் விரலை இழுத்தேன், கோடு விழுந்தது. அந்த மங்கலைத் தூசி என்று எண்ணி, அப்பத்தா வெற்றிலை துடைப்பதுபோலத் தினமும் துண்டால் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஈரத் துண்டு கையில் இருந்தும் உறைக்கவில்லை. சென்னையில் ஏசி படுக்கையறையில், பிளேயர் கூடத்தில். அதனால்தான் இத்தனை ஆண்டும் தெரியவில்லை.

இப்போது பிளேயரைப் பட்டாலைக் கூடத்துக்கு மாற்றிவிட்டேன், அங்கே ஏசி கிடையாது. ஆச்சி சொன்னபடி கை தட்டிப் பார்த்தேன், மணி அடித்ததுபோல் இருந்தது. இரண்டு ஜமுக்காளம் விரித்தபின் கூச்சம் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆத்தாதான், கல்யாண வீடா இது என்கிறார்கள்.

ஒன்று மட்டும் மிச்சம். தங்கை கல்யாணத்து நாகசுர வாசிப்பை 2004-இல் பதிந்து வைத்த சிடி இரண்டு பிளேயரிலும் ஓடவில்லை. விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தியதுபோல் ஏழெட்டு வெளிச்சப் புள்ளிகள். மேல்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் தேதி எழுதியிருக்கிறேன்.

பழைய வால்வு:

பேனாவால் எழுதியது தப்பு. அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேல்பக்கம் மெல்லிய வார்னிஷ் மட்டும்தான். பதிவு அதற்கு நேர் கீழே. புள்ளி விழுந்த இடத்தில் இருந்தது போனதுதான். மற்றதை எடுக்க முடியலாம். என்னிடம் பழைய கணினி டிரைவ் ஒன்று இருக்கிறது. படிக்காத இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், பிளேயர் அப்படிச் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை காரைக்குடிக்கு எடுத்துவாருங்கள். இனி அதை எந்த பிளேயரிலும் போட வேண்டாம்.

காரில் ஏசி போடாமல் வாருங்கள்.