அலையாத்திச் சேறு கார்பனைப் பிடித்து வைக்கிறதா, வாயுவாக விடுகிறதா?

கேள்வி: கிள்ளைவாசி

வணக்கம். எங்கள் ஊர் பிச்சாவரம் காட்டை ஒட்டியிருக்கிறது. மகளிர் குழுவினர் அலையாத்திக் (கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ்) கன்று வளர்த்து நடுகிறோம். கரியமில வாயுவைப் பிடித்து மண்ணுக்குள் வைக்கும் காடு என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். ஆனால் நீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கினால் குமிழி கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. அது மீத்தேன், காடே வெப்பத்தைக் கூட்டுகிறது என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் தம்பி. நாங்கள் நடுவது வீண்தானா?

பதில்: உப்பங்கழி

மீத்தேனுக்கு மணமே கிடையாது. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு.

களிமண்

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மண் மாதிரி எடுக்கும் குழுக்களோடு வேலை செய்கிறவன் நான். அந்த நாற்றத்தைக் கண்டு கலங்காதீர்கள், அம்மா. கடல்நீரில் சல்பேட் இருக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் அதைக் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்கள் மட்கைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடை விடுகின்றன. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கும் பெரும்பாலும் அதே இரைதான் வேண்டும். கடல்நீர் வந்துபோகும் வரை அவற்றுக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான்.

உங்கள் தம்பி சொல்வதிலும் உண்மை உண்டு. மெத்தில் அமீன் போன்ற சில பொருள்களுக்கு இந்தப் போட்டி இல்லை. அவற்றிலிருந்து மீத்தேன் வந்துகொண்டுதான் இருக்கும். இந்திய அலையாத்திக் காடு ஒன்றில் பூர்வஜா, ரமேஷ் உள்ளிட்டோர் செய்து 2004இல் வெளியான ஆய்வு, சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் வழியாகவும் மீத்தேன் மேலேறுவதைக் காட்டியது. 2018இல் வந்த உலகளாவிய கணக்கு ஒன்று, 20 ஆண்டுக் கால அளவில் பார்த்தால், மண்ணில் புதையும் கார்பனால் கிடைக்கும் நன்மையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கை மீத்தேன் குறைக்கிறது என்றது. மீதி நான்கு பங்கு நம் பக்கம்தான்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். இந்தோ-பசிபிக் அலையாத்திக் காடுகளில் ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன் என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. அதில் பெரும்பகுதி மரத்தில் இல்லை, மண்ணில். அந்த எண்ணை அப்படியே எடுத்து நம் ஊர்ப் பரப்பால் பெருக்கி விளம்பரப் பலகை வைக்கிறார்கள்! இந்தோனேசியாவின் ஆழமான கரிச்சேறும், மழை குறைந்த முத்துப்பேட்டையின் களியும் ஒன்றா? குழாயை இறக்கி, ஆழம் வாரியாக மண்ணை வெட்டி, உலர்த்தி, கார்பன் விழுக்காட்டோடு மண்ணின் அடர்த்தியையும் அளந்தால்தான் கணக்கு. அடர்த்தி இல்லாத அறிக்கையை நம்பாதீர்கள்.

பரங்கிப்பேட்டை ஆசிரியர்

இறால் பண்ணைக் கழிவும் ஊர்ச் சாக்கடையும் கலக்கும் வாய்க்கால்களில் இந்தக் கணக்கு நிற்குமா?

களிமண்

நிற்காது, ஐயா. சாக்கடை நன்னீரையும் மட்கையும் கொண்டுவருகிறது. உப்பு குறைந்து சல்பேட் தீர்ந்த இடத்தில் மீத்தேன் ஏறும். பண்ணைக் கழிவின் நைட்ரஜனால் நைட்ரஸ் ஆக்சைடு வரும். ஒரு கிலோவுக்கு அதன் வெப்பத் திறன், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு. எல்லாவற்றிலும் கேடு, காட்டையே வெட்டிக் குளம் தோண்டுவது. பல காலம் காற்றுப் படாமல் கிடந்த கார்பன் எரியாமலே கரியமில வாயுவாகிவிடும்.

பிச்சாவரத்தில் பிரிட்டிஷ் காலம் தொட்டு 1970கள் வரை கூறு கூறாக மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட மண் தாழ்ந்து தொட்டிபோல ஆனது. உள்ளே வந்த கடல்நீர் தேங்கி, வற்றி, உப்பேறியது, கன்று பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை ஓடவிட்ட பிறகுதான் காடு திரும்பியது.

கிள்ளைவாசி

எங்கள் பக்கம் வாய்க்கால்கள் தூர்ந்து கிடக்கின்றன. கன்றுக்குத்தான் பணம் வருகிறது, தூர் எடுக்க வருவதில்லை.

களிமண்

அப்படியானால் வனக்குழுக் கூட்டத்தில் தூர் எடுக்கும் செலவை முதலில் கேளுங்கள். தோண்டிய சேற்றைக் கரையில் மேடாகக் குவிக்க விடாதீர்கள். காய்ந்தால் அதிலுள்ள கார்பன் போய்விடும். கன்றை வாய்க்கால் சரிவின் நடுவில் நடுங்கள். ஏற்றத்தில் நனைந்து வற்றத்தில் வடிய வேண்டும்.